புற்றுநோய் ஆய்வின் வரலாறு – 17: செர்னோபில் திசு வங்கி

அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டி, அதை ஒட்டியிருந்த நலமான திசு, நோயாளியின் இரத்தம் ஆகியவற்றைப் பல்லாண்டுகள் கெடாமல் காத்து, ஆய்வாளர்களுக்கு வழங்கும் அமைப்பே திசு வங்கி. நோயாளியின் வயது, நோயின் தன்மை, பெற்ற சிகிச்சை, பிற்காலத்தில் அவர் இருந்த நிலை ஆகிய குறிப்புகளும் அதே வங்கியில் சேர்த்து வைக்கப்படும். இந்தக் குறிப்புகளில்தான் வங்கியின் உயிர் இருக்கிறது. யாருடையது, எப்போது எடுத்தது, அதன் பின் அவர் என்ன ஆனார் என்று தெரியாத கட்டி எவ்வளவு நன்றாகப் பாதுகாக்கப்பட்டாலும் வெறும் சதைத் துண்டுதான்.

திசுவைச் சேமிக்கும் வழக்கம் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல், ராணுவத் தலைமை மருத்துவர் வில்லியம் ஹம்மண்ட், போர்க்கள மருத்துவர்கள் அகற்றும் உறுப்புகளையும் திசுக்களையும் வாஷிங்டனுக்கு அனுப்பச் சொல்லி ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து பின்னாளில் உலகின் மிகப் பெரிய நோயியல் சேமிப்பகங்களில் ஒன்றானது. 1893இல் பிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற மருத்துவர் ஃபார்மலினைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அதில் பட்ட தம் விரல்களின் தோல் விறைத்துப்போவதைக் கவனித்தார். தோலை விறைக்கச் செய்யும் திரவம் உறுப்புகளையும் அழுகாமல் காக்கும் என்று அவர் கண்டுகொண்டார். அன்று முதல் உலகெங்கும் மருத்துவமனைகளில் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். கட்டி ஃபார்மலினில் ஊறும். பின் பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு ‘பிளாக்’ ஆகும். மைக்ரோடோமில் மெல்லிய ஏடுகளாகச் சீவப்பட்டுச் சாயமேற்றி நுண்ணோக்கிக்கு வரும். நோயைக் கண்டறிந்த பிறகு பிளாக் அலமாரிக்குப் போகும். 1999இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கின்படி அமெரிக்காவில் மட்டும் 30 கோடிக்கும் மேற்பட்ட திசு மாதிரிகள் இப்படிச் சேர்ந்திருந்தன.

மெழுகு பிளாக்கில் செல்லின் வடிவம் அப்படியே நிற்கும். மரபணுப் பொருள் அப்படி நிற்பதில்லை. ஃபார்மலின் புரதங்களைப் பின்னிப் பிணைத்துவிடுகிறது, டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் துண்டு துண்டாக்கிவிடுகிறது. மரபணு ஆய்வு வளர்ந்தபோது, அறுவை அரங்கிலிருந்து வந்த உடனேயே உறைய வைத்த திசு தேவைப்பட்டது. அப்படி உறைய வைத்திருந்த ஓரிடம் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ. அங்கே வில்லியம் மக்குவயர் என்ற மருத்துவர், ஹார்மோன் ஏற்பிச் சோதனைக்கு வந்த மார்பகக் கட்டிகளின் மிச்சத்தை எறியாமல், நோயாளிகளின் பிந்தைய விவரங்களோடு சேமித்துவைத்திருந்தார். லாஸ் ஏஞ்சல்சில் டென்னிஸ் ஸ்லேமனின் குழு, ஹெர்–2 என்ற மரபணு சில மார்பகக் கட்டிகளில் பலமடங்கு பெருகியிருப்பதை முதலில் 103 கட்டிகளில் பார்த்தது. அந்தப் பெண்களுக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்குப் பதில் சொன்னவை சான் அன்டோனியோவிலிருந்து வந்த 86 கட்டிகள். ஹெர்–2 பெருகியிருந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. 1987இல் வெளியான இந்த முடிவிலிருந்து தொடங்கிய பாதை, 1998 செப்டம்பரில் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தின் ஒப்புதலில் போய் நின்றது.

அந்த 86 கட்டிகளும் வேறு காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டவை. ஆய்வுக்குப் பயன்பட்டது அவற்றைக் காத்துவைத்தவரின் கவனத்தால்தான். ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து, அதற்கெனவே திட்டமிட்டு, பல நாடுகள் கூடி அமைத்த திசு வங்கி 1998 அக்டோபரில் தோன்றியது. அதுவே செர்னோபில் திசு வங்கி. குழந்தைப் பருவத்தில் கதிரியக்கம் பட்டவர்களின் தைராய்டுப் புற்றுநோய், மற்றவர்களுக்கு வரும் அதே புற்றுநோயிலிருந்து வேறுபட்டதா என்பது அதன் கேள்வி.

1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்குச் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. ஏறத்தாழ பத்து நாட்கள் உலையிலிருந்து கதிரியக்கப் பொருள்கள் வெளியேறிக்கொண்டே இருந்தன. காற்று அவற்றை வட உக்ரைன், பெலாரசின் கோமெல் வட்டாரம், ரஷ்யாவின் பிரியான்ஸ்க் பகுதி ஆகியவற்றின் மேல் கொண்டுபோய்க் கொட்டியது. அவற்றில் உடனடிக் கேடு விளைவித்தது அயோடின்–131. அதன் அரை ஆயுள் எட்டே நாட்கள். இரண்டு மூன்று மாதங்களில் அது மண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அந்த இரண்டு மூன்று மாதங்கள் மேய்ச்சல் காலமாக அமைந்துவிட்டன. புல்லில் படிந்தது மாட்டின் வயிற்றுக்குப் போனது, பாலில் வந்தது, பாலைக் குழந்தைகள் குடித்தார்கள்.

கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, ஹார்மோன் செய்வதற்காக உடலில் வரும் அயோடினை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சாதாரண அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. அந்த வட்டாரத்து உணவில் ஏற்கெனவே அயோடின் பற்றாக்குறை இருந்ததால், கிடைத்ததைச் சுரப்பி இன்னும் ஆவலாக இழுத்தது. குழந்தையின் தைராய்டு பெரியவர்களுடையதைவிடப் பலமடங்கு சிறியது. ஒரே அளவு பாலைக் குடித்தாலும், சிறிய சுரப்பியின் ஒவ்வொரு கிராமுக்கும் விழும் கதிர்வீச்சு அதிகம். பக்கத்து நாடான போலந்தில் ஏப்ரல் 29 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு நிலைத்த அயோடின் கொடுக்கப்பட்டது. சுரப்பி நல்ல அயோடினால் நிரம்பியிருந்தால் கதிரியக்க அயோடினுக்கு இடமிராது என்ற எளிய கணக்கு அது. சோவியத் கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மருந்தும் உரிய நேரத்தில் போகவில்லை, பாலைக் குடிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் போகவில்லை.

குழந்தைகளுக்குத் தைராய்டுப் புற்றுநோய் வருவது மிக அரிது. வழக்கமாக ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். 1992 செப்டம்பர் 3ஆம் தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில், மின்ஸ்க் நகரத்து மருத்துவர்கள் கசாகோவ், டெமிட்சிக், அஸ்தாக்கோவா மூவரும் ஒரு சிறு கடிதம் எழுதினார்கள். பெலாரசில் 1986 முதல் 1989 வரை ஆண்டுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகளுக்கு வந்த இந்நோய் 1991இல் 55 பேருக்கு வந்திருக்கிறது என்றது அக்கடிதம். அதே இதழில், உலகச் சுகாதார நிறுவனத்தின் கீத் பேவர்ஸ்டாக், கேம்பிரிட்ஜ் நோயியல் வல்லுநர் தில்வின் வில்லியம்ஸ் உள்ளிட்ட ஐவர், தாங்கள் மின்ஸ்க் போய்க் கண்டதை எழுதி அக்கடிதத்துக்கு அரண் சேர்த்தார்கள்.

அறிவியல் உலகம் அதை உடனே நம்பவில்லை. நான்கே ஆண்டுகளில் புற்றுநோயா, கதிரியக்கத்தால் வரும் கட்டிக்குப் பத்தாண்டாவது ஆகுமே என்றார்கள் சிலர். அயோடின்–131 மருத்துவத்தில் பெரியவர்களுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வருகிறது, பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லையே என்றார்கள் வேறு சிலர். எல்லாக் குழந்தைகளின் கழுத்தையும் ஸ்கேன் செய்து தேடினால் முன்பு கண்ணில் படாதவையும் படத்தான் செய்யும் என்ற வாதமும் எழுந்தது. இவை பொருட்படுத்தத்தக்க ஐயங்கள். ஆனால் இந்த ஐயங்களால் சில ஆண்டுகள் வீணாயின. ஏற்றுக்கொள்வதில் நேர்ந்த தாமதம் உதவி போய்ச் சேர்வதையும் தாமதப்படுத்தியது.

ஐயம் தீர்ந்தது இரண்டு வழிகளில். மின்ஸ்க்கின் சிலைடுகளை வெளிநாட்டு நோயியல் வல்லுநர்கள் மீண்டும் நுண்ணோக்கியில் பார்த்து, இவை உண்மையான புற்றுநோய்களே என உறுதிசெய்தார்கள். சேமித்த திசு இங்கே சாட்சியாக நின்றது. 1996இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டு மாநாடு கதிரியக்கமே காரணம் என ஏற்றுக்கொண்டது. இரண்டாவது வழி ஜப்பானிய ஆய்வாளர்களின் உதவியோடு கோமெல் வட்டாரப் பள்ளிகளில் நடந்த பரிசோதனை. 1983 தொடக்கத்துக்கும் விபத்து நாளுக்கும் இடையே பிறந்த 9,720 குழந்தைகளில் 31 பேருக்குத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தது. விபத்துக்குப் பின் 1986 முடிவுக்குள் பிறந்த 2,409 பேரில் ஒருவருக்கு இருந்தது. 1987 முதல் 1989 வரை பிறந்த 9,472 பேரில் ஒருவருக்கும் இல்லை. பார்த்த மருத்துவர்கள் ஒரே ஆட்கள், கருவிகள் ஒன்றே, ஊரும் ஒன்றே. தேடியதால்தான் கிடைத்தது என்ற வாதம் 2001இல் வெளியான இந்த மூன்று எண்களுக்கு முன் நிற்கவில்லை.

நோய் உண்மை என்று தெரிந்ததும் அந்தக் கட்டிகளின் மேல் உலகின் கவனம் குவிந்தது. எப்போது, எதனால் தொடங்கியது என்று நாள் குறித்துச் சொல்லக்கூடிய மனிதப் புற்றுநோய் மருத்துவத்தில் மிக அரிது. ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா என்று பல நாட்டு ஆய்வகங்கள் மின்ஸ்க்கையும் கீவையும் நாடின. குழந்தையின் தைராய்டுக் கட்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுதான். அதில் நோயறிய ஒரு பகுதி போக மிஞ்சுவதைப் பல கைகள் பங்கு போட்டால், விரைவில் ஒன்றும் மிஞ்சாது. ஒரே குழந்தையின் கட்டி இரண்டு ஆய்வகங்களுக்குப் போய் இரண்டு நோயாளிகளாக எண்ணப்படும் ஆபத்தும் இருந்தது. பத்துப் பதினைந்து கட்டிகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன.

இந்த நிலையை மாற்றவே வில்லியம்ஸும், அவரோடு பணியாற்றிய ஜெரால்டின் தாமஸும் ஒரு பொது வங்கிக்குத் திட்டம் வகுத்தார்கள். ஐரோப்பிய ஆணையம், உலகச் சுகாதார நிறுவனம், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், ஜப்பானின் சசாகாவா நினைவு சுகாதார அறக்கட்டளை ஆகிய நான்கும் பணம் தந்தன. உக்ரைனில் கீவ் நகரத்து நாளமில்லாச் சுரப்பியியல் நிறுவனமும், ரஷ்யாவில் ஒப்னின்ஸ்க் கதிரியக்க மருத்துவ ஆய்வு மையமும் திசுவைச் சேகரித்துப் பாதுகாக்கும் இடங்களாயின. தொடக்கத்தில் பெலாரசும் சேர்ந்திருந்தது. விபத்தன்று பத்தொன்பது வயது நிரம்பாதவர்கள், அதாவது 1967 ஏப்ரல் 26 அல்லது அதற்குப் பின் பிறந்து, பாதிக்கப்பட்ட வட்டாரங்களில் வாழ்ந்தவர்களுக்குத் தைராய்டில் கட்டி வந்தால், அவர்களுடைய ஒப்புதலோடு திசு வங்கியில் சேரும். விபத்துக்குப் பின் கருவுற்றுப் பிறந்தவர்களின் கட்டிகளும் அதே முறையில் சேரும். பின்னால் பெரும் பயன் தந்தது இந்த இரண்டாவது ஏற்பாடு.

ஒரு கட்டி வங்கிக்குள் போகும் வழி இப்படிப்பட்டது. அறுவை அரங்கிலிருந்து சுரப்பி நேராக நோயியல் துறைக்கு வருகிறது. நோயியல் வல்லுநர் அதைக் குறுக்கே வெட்டிப் பார்க்கிறார். நோயாளியின் சிகிச்சைக்கு வேண்டிய பகுதிகள் முதலில் எடுத்துவைக்கப்படும். இந்த முறை மாறுவதில்லை. மிச்சத்திலிருந்து கட்டியின் ஒரு சிறு துண்டும், கட்டிக்கு வெளியே நலமாக உள்ள சுரப்பியின் ஒரு துண்டும் தனித்தனிக் குழாய்களில் இடப்பட்டு, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் உடனே உறைய வைக்கப்படுகின்றன. பிறகு அவை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குப் போகின்றன. இந்த வேலையில் நேரம் முக்கியம். உடலிலிருந்து வெளியே வந்த திசு, தனக்கு இரத்தம் வரவில்லை என்பதை உடனே உணர்ந்து தன் மரபணுக்களின் இயக்கத்தை மாற்றத் தொடங்கிவிடும். அறை வெப்பத்தில் கிடக்கக் கிடக்க ஆர்என்ஏ சிதையும். உறைந்த துண்டிலிருந்து ஓர் ஏடு சீவப்பட்டு நுண்ணோக்கியில் பார்க்கப்படுகிறது. குழாயின் மேல் ‘கட்டி’ என்று எழுதியிருந்தாலும், உள்ளே உண்மையிலேயே கட்டி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் பதிவேட்டில் ஏறும். கூடவே இரத்தமும் எடுக்கப்படுகிறது. கட்டியில் காணும் மாற்றம் பிறவியிலேயே இருந்ததா, பின்னர் வந்ததா என்று சொல்ல இரத்தத்தின் டிஎன்ஏ ஒப்பீடாக வேண்டும்.

அடுத்தது நோய்ப் பெயர். ஒரே சிலைடைப் பார்த்து இரண்டு வல்லுநர்கள் இரண்டு பெயர் சொல்வது தைராய்டில் அடிக்கடி நேர்வது. எனவே பல நாட்டு நோயியல் வல்லுநர்கள் கொண்ட ஒரு குழு, வங்கிக்கு வரும் ஒவ்வொரு நோயாளியின் சிலைடையும் பார்த்து ஒருமித்த முடிவைப் பதிவுசெய்தது. புற்றுநோய் என்றும் சொல்ல முடியாமல், அல்ல என்றும் தள்ள முடியாமல் நடுவில் நின்ற சில கட்டிகளுக்கு இந்தக் குழு 2000இல் ‘தீங்குத்தன்மை உறுதியற்ற கட்டி’ என்ற தனிப் பெயரை முன்மொழிந்தது. அது செர்னோபிலோடு நிற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டுத் தைராய்டுக் கட்டி வகைப்பாட்டில் அப்பெயர் இடம்பெற்றது. ஒரு விபத்துக்காகக் கூடிய குழு, உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு நோயியல் அறிக்கை எழுதப்படும் விதத்தை மாற்றியது. இந்த வங்கியின் பணிகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ஆய்வாளர்களுக்குத் திசுவை வழங்குவதில் வங்கி கண்டிப்பான முறை ஒன்றைக் கைக்கொண்டது. கட்டியின் துண்டு யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவை சிறு சிறு பங்குகளாக, நோயாளியின் பெயரில்லாமல் குறியெண் மட்டும் இட்டு வழங்கப்படுகின்றன. மெழுகு பிளாக் தேவைப்படும் ஆய்வுகளுக்கு, பல நோயாளிகளின் பிளாக்குகளிலிருந்து 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள நுண் உருளைகளைக் குடைந்தெடுத்து ஒரே பிளாக்கில் வரிசையாக நட்ட ‘திசு வரிசை’ தரப்படுகிறது. இந்த உத்தி முதலில் வெளியானதும் 1998இல்தான். விண்ணப்பங்களை வெளியார் குழு ஒன்று பரிசீலிக்கிறது. பெற்றுக்கொண்டவர் தம் முடிவுகளைக் குறியெண் வாரியாக வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும். இதனால் ஒரே கட்டியைப் பற்றி ஓர் ஆய்வகம் கண்ட டிஎன்ஏ மாற்றமும், இன்னோர் ஆய்வகம் கண்ட புரத மாற்றமும் ஓரிடத்தில் சேர்கின்றன. திசு குறையக் குறைய அதைப் பற்றிய அறிவு கூடிக்கொண்டு போகிறது.

இந்த ஒழுங்கு ஏன் தேவைப்பட்டது என்பதை ஆர்இடி என்ற மரபணுவின் கதை காட்டும். பத்தாவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணு முறிந்து வேறொரு மரபணுவோடு தவறாக ஒட்டிக்கொள்ளும்போது, செல் நிற்காமல் பெருகத் தொடங்குகிறது. பாப்பில்லரி எனப்படும் தைராய்டுப் புற்றுநோய் தோன்றுகிறது. 1990களின் நடுவில் செர்னோபில் குழந்தைகளின் கட்டிகளில், இந்த ஒட்டின் ஒரு வகையான ஆர்இடி/பிடிசி–3 மிகுதியாக இருப்பதை ஐரோப்பிய ஆய்வகங்கள் கண்டன. இதுவே கதிரியக்கத்தின் கைரேகை என்ற நம்பிக்கை பரவியது. அந்தக் கைரேகை உண்மையாக இருந்தால், ஒருவரின் புற்றுநோய் கதிரியக்கத்தால் வந்ததா இல்லையா என்று ஒரு சோதனையிலேயே சொல்லிவிடலாம். இழப்பீட்டு வழக்குகள் முதல் அணுமின் நிலையத் தொழிலாளர் நலன் வரை எத்தனையோ முடிவுகள் அதைப் பொறுத்தவை.

ஆண்டுகள் செல்லச் செல்லப் படம் மாறியது. பின்னர் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களின் கட்டிகளில் ஆர்இடி/பிடிசி–1 என்ற வேறு வகை கூடியது. கதிரியக்கமே படாத நாட்டுக் குழந்தைகளின் கட்டிகளை அதே வல்லுநர்கள் அதே அளவுகோலில் பார்த்தபோது, கதிரியக்கத்தின் அடையாளம் என்று எண்ணப்பட்ட பலவும் குழந்தைப் பருவத்தின் அடையாளங்களே என்று தெரிந்தது. முன்பு செர்னோபில் குழந்தைகளின் கட்டிகளோடு வேறு நாட்டுப் பெரியவர்களின் கட்டிகள் ஒப்பிடப்பட்டிருந்தன. தெரிந்த வேறுபாடு வயதுடையது. 2002இல் கண்டறியப்பட்ட பிராஃப் மரபணுப் பிழையும் இதையே உறுதிப்படுத்தியது. பெரியவர்களின் பாப்பில்லரிக் கட்டிகளில் மிகப் பரவலாக உள்ள அந்தப் பிழை, கதிரியக்கம் பட்ட குழந்தைகளிடமும் குறைவு, படாத குழந்தைகளிடமும் குறைவு. ஒப்பீட்டுக்கான திசு சரியாக இல்லாவிட்டால், பெரிய ஆய்வகமும் நல்ல கருவிகளும் சேர்ந்தே தவறான முடிவுக்கு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் புற்றுநோய் ஆய்வில் அதிகம் இல்லை.

தைராய்டில் ஆர்இடி ஏன் இவ்வளவு எளிதில் தவறாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கும் விடை கிடைத்தது. 2000இல் யூரி நிக்கிஃபோரோவ் உள்ளிட்டோர், குரோமோசோமின் நீளவாக்கில் வெகு தொலைவில் இருக்கும் ஆர்இடியும் அதன் ஒட்டுக் கூட்டாளியான எச்–4 மரபணுவும், தைராய்டு செல்லின் கருவுக்குள் நூல் சுருண்டு கிடக்கும் வாகினால் அருகருகே வந்துவிடுகின்றன என்று காட்டினார்கள். நலமான தைராய்டு செல்களில் சுமார் 35 விழுக்காட்டில் இவை ஒட்டிக் கிடந்தன. மார்பக எபிதீலியல் செல்களில் 6 விழுக்காட்டில்தான் அப்படி. ஒரே கதிர் இரண்டையும் அறுத்தால், செல் அவசரமாகப் பழுது பார்க்கும்போது முனைகள் மாறி ஒட்டிக்கொள்வது எளிது.

வங்கி தன் முழுப் பயனைத் தந்தது 2021இல். லிண்ட்சே மார்ட்டன், ஸ்டீபன் சானாக், ஜெரால்டின் தாமஸ், உக்ரைனின் மைக்கோலா டிரோன்கோ, தெத்தியானா போக்டனோவா உள்ளிட்ட பெரும் குழு, வங்கியில் இருந்த 440 பாப்பில்லரிப் புற்றுநோய்களின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டது. 359 பேர் கருவிலோ குழந்தைப் பருவத்திலோ கதிரியக்கம் பட்டவர்கள். 81 பேர் விபத்து நடந்து ஒன்பது மாதங்களுக்கும் பின் பிறந்தவர்கள். இரு சாராரும் ஒரே நாட்டினர். அயோடின்–131 மட்டும் பின்னவர்களை எட்டவில்லை.

முன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கதிர்வீச்சு கழுத்தில் விழுந்தது என்ற மதிப்பீடும் கையில் இருந்தது. 1986 மே, ஜூன் மாதங்களில் அளவுகருவிகளோடு ஊர் ஊராகப் போனவர்கள், உக்ரைனில் மட்டும் சுமார் 1,50,000 பேரின் கழுத்தில் கருவியை வைத்து அளந்து எழுதியிருந்தார்கள். அந்த அளவுகளும், யார் எந்த ஊரில் இருந்தார்கள், எவ்வளவு பால் குடித்தார்கள் என்று பிற்காலத்தில் கேட்டுத் திரட்டிய விவரங்களும் இல்லையென்றால், ஃப்ரீசரில் இருந்த 440 கட்டிகளும் பாதி ஊமையாகவே இருந்திருக்கும். கதிரியக்கம் பட்டோரின் சராசரி அளவு 250 மில்லிகிரே (திசு ஏற்ற கதிர்வீச்சை அளக்கும் அலகு). மிகக் குறைந்தது 11, மிக உயர்ந்தது 8,800.

விடை தெளிவாக வந்தது. அதிகக் கதிர்வீச்சு பட்டவர்களின் கட்டிகளில், டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுந்ததன் தடயங்களான சிறு நீக்கங்களும் மரபணு ஒட்டுகளும் அதற்கேற்பக் கூடியிருந்தன. மிக இளம் வயதில் கதிர்வீச்சு பட்டவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுத்திருந்தது. கட்டியைத் தொடங்கிவைத்த பிழையும், கதிர்வீச்சு குறைவாகப் பட்டவர்களிடம் ஓர் எழுத்து மாறிய வகையாகவும், அதிகம் பட்டவர்களிடம் அறுந்து ஒட்டிய வகையாகவும் இருந்தது. ஆனால் தொடங்கிய பிறகு கட்டி நடந்துகொண்ட விதத்தில் வேறுபாடு இல்லை. ஆர்என்ஏவிலோ வேறெதிலோ கதிரியக்கத்துக்கு மட்டுமே உரிய கைரேகை எதுவும் கிடைக்கவில்லை. கால் நூற்றாண்டாகத் தேடிய தனி அடையாளம் இல்லை என்பதே முடிவு. இதை ஏமாற்றமாகக் கருத வேண்டியதில்லை. கதிரியக்கத்தால் வந்த தைராய்டுப் புற்றுநோய்க்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே சிகிச்சையைத் தயங்காமல் தரலாம் என்ற உறுதி அந்த நோயாளிகளுக்குக் கிடைத்தது. ஆர்இடி ஒட்டுகளைக் குறிவைக்கும் செல்பெர்கேட்டினிப் என்ற மருந்து 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்த மருந்து இந்த வங்கியிலிருந்து பிறந்ததல்ல. ஆனால் எந்தக் கட்டியில் அந்த ஒட்டு இருக்கும் என்ற அறிவில் செர்னோபில் குழந்தைகளின் பங்கு பெரிது.

வங்கியின் இன்னொரு பயன் ஃபுகுஷிமாவில் தெரிந்தது. 2011 விபத்துக்குப் பின் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் இளையோரின் கழுத்து ஸ்கேன் செய்யப்பட்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமான தைராய்டுப் புற்றுநோய்கள் கண்ணில் பட்டன. செர்னோபில் மீண்டும் வந்துவிட்டதோ என்ற அச்சம் இயல்பாகவே எழுந்தது. அவர்களில் 68 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவில், 63 விழுக்காட்டில் பிராஃப் பிழை இருந்தது; ஆர்இடி ஒட்டுகள் குறைவு. இது செர்னோபில் குழந்தைகளின் கட்டிகளிலிருந்து முற்றிலும் மாறுபட்ட படம். பட்ட கதிர்வீச்சும் அங்கு மிகக் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்கச் செர்னோபில் கட்டிகள் ஒழுங்காக இல்லாதிருந்தால், ஃபுகுஷிமா பெற்றோருக்குச் சொல்ல ஊகம் மட்டுமே இருந்திருக்கும்.

இத்தனைக்கும் அடித்தளம் நோயாளிகளின் சம்மதம். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்சின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் உலகெங்கும் பரவிய வரலாறு, திசு ஆய்வின் மேல் நீண்ட நிழலாக விழுந்திருக்கிறது. செர்னோபில் வங்கி அந்தத் தவற்றைச் செய்யவில்லை. நோயாளியிடமோ, சிறுவர்களானால் பெற்றோரிடமோ எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே திசு எடுக்கப்பட்டது. மூலத் திசு அவர்களுடைய நாட்டு மருத்துவ நிறுவனங்களிலேயே இருந்தது. வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் திசு விமானமேறிப் போய்விடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், இந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. மற்ற நாடுகள் பின்பற்ற வேண்டியதும்கூட.

ஐக்கிய நாடுகளின் கதிர்வீச்சு விளைவுகள் அறிவியல் குழு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, விபத்தன்று பதினெட்டு வயதுக்குட்பட்டிருந்தவர்களில், பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் மிகவும் மாசுபட்ட நான்கு வட்டாரங்கள் ஆகியவற்றில் 1991 முதல் 2015 வரை பதிவான தைராய்டுப் புற்றுநோய்கள் 19,000க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ கால் பங்கு கதிரியக்கத்தால் வந்தவை. நல்ல சிகிச்சையால் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். 2005 வரை இந்நோயால் இறந்தவர்கள் 15 பேர். பிழைத்தவர்களில் சுரப்பி முழுவதையும் இழந்தோர் நாள்தோறும் வாழ்நாள் முழுக்கத் தைராய்டு மாத்திரை விழுங்க வேண்டும். ஆய்வுக்கு நோயாளிகள் தந்த 440 கட்டிகளின் மரபணுத் தரவுகள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பொதுத் தரவகத்தில் உள்ளன. உரிய அனுமதியோடு ஆய்வாளர்கள் அவற்றைப் பெறலாம்.